ஷிம்லா போட்ட நிகாஹ் வீடியோ

ஷிம்லா என்ற பெயரை ஸுலைஹா முதன்முதலாகக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமைப் பகலில். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த தம்பி முபாறக்கின் சோற்றுக் கோப்பையில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். அவனோ சோற்றில் கை வைக்காமல் போனையே முறைத்துக்கொண்டிருந்தான்.

“ஆரடா அது, சோத்த விடப் பெரிய ஆள்?”

“ஷிம்லாவாம். றஸீன்ட தங்கச்சி. நான் இவ்வளவு நாளும் சைட்ல போட்ட வீடியோ எல்லாத்தையும் கழட்டணுமாம்.”

“என்னத்துக்காம்?”

“பெருநாள் குத்பாவப் பார்த்துட்டுக் கேக்கிறா, மௌலவி கிரிக்கெட் டீம்ல சேர்ந்திட்டாரா எண்டு.”

ஸுலைஹா சிரிப்பை அடக்க முடியாமல் ஆணச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கிய அவர்களுடைய ஊர்ச் சனம், இப்போது ஸுலைஹாவின் வீடு இருக்கும் ஆலங்குடாப் பக்கம் கொஞ்சம், புத்தளத்தில் கொஞ்சம், மிச்சம் கட்டார், லண்டன், கனடா என்று கிடக்கிறது. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதை மற்றவர் பார்க்கட்டும் என்று, பள்ளிவாசல் ஜமாஅத்தின் செயலாளரான முபாறக் ஊர்ப் பெயரில் ஒரு வெப்சைட் திறந்திருந்தான். வீடியோவைச் சுருக்கி ஏற்றுவதற்கு, எவனோ ஒருவன் லெப்டொப்பில் போட்டுக்கொடுத்த மென்பொருளைப் பாவித்தான். அது காசு கட்டாத பிரதி. ஆகையால் தன்னுடைய பெயரைப் படத்தின் நடுவில் கொட்டை எழுத்தில் அடித்துவிடும். குத்பாப் பிரசங்கம் முடியும் வரைக்கும் மௌலவியின் வெள்ளை ஜுப்பாவில், சரியாக நெஞ்சுக்குக் குறுக்கே, அந்தக் கம்பனிப் பெயர் நின்றது.

“அந்தப் புள்ள சொன்னதுல பிழையில்லயே” என்றார் ஸுலைஹா.

“உங்களுக்கும் ஒண்டும் விளங்காது ராத்தா, அவவுக்கும் ஒண்டும் விளங்காது.”

அன்றைக்கு முபாறக் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

ஸுலைஹா பாத்திரம் கழுவியபடியே மனதுக்குள் அந்தப் பிள்ளையை இடம் தேடி வைத்தார். றஸீனின் வாப்பாவைப் பெற்ற வாப்பும்மாவும் ஸுலைஹாவின் பெரியும்மாவும் ஒரே வள்ளத்தில் வந்தவர்கள். வாப்பும்மாவின் கைப்பிள்ளைக்கு வழியில் பால் வற்றிப்போக, பெரியும்மாதான் தன்னுடைய பிள்ளையோடு சேர்த்து அதற்கும் கொடுத்தார். அந்தப் பிள்ளை றஸீனுக்குச் சாச்சா, வாப்பாவின் தம்பி; ஸுலைஹாவுக்குத் தம்பி முறை. அப்படிப் பார்த்தால் இந்த ஷிம்லா தன்னை மாமி என்றுதான் கூப்பிட வேண்டும். நெருக்கமான உறவு. முகம்தான் ஞாபகத்துக்கு வரவில்லை.

முகம் பத்து நாளில் வாசலுக்கே வந்தது. மெலிந்த பெண், இருபத்தெட்டு வயது, தோளில் கம்பியூட்டர்ப் பை. கூடவே முபாறக், அரை மனதோடு.

“மாமி, உங்கட ஹோல்தான் பெருசாம். ஒரு நாளைக்கு மட்டும் தருவீங்களா? பாய் விரிக்கணும்.”

“பாய் விரிச்சு?”

“இந்த ஒழுங்கையில உள்ள பொம்புளையள்ட போன் எல்லாம் வேணும்.”

ஷிம்லா நான்கு வருஷம் ஆலங்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவள். காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓடும் வெள்ளைக்காரர்களை வீடியோ எடுத்து, ஹோட்டலின் வெப்சைட்டில் போடுவதுதான் அவள் வேலை. ஓடுகிற ஆளைச் சுருக்குவது லேசாம். அவனுக்குப் பின்னால் பறக்கிற நுரையைத்தான் சுருக்க முடியாதாம். கொஞ்சம் அதிகமாக அமத்தினால் கடல் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்துவிடுமாம். அந்த நுரையோடு நான்கு வருஷம் மல்லுக்கட்டியவளுக்கு, குத்பாவும் கல்யாணமும் பெரிய காரியமில்லை என்று முபாறக்குக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் வந்திருந்தான்.

அடுத்த நாள் பாயில் இருபத்துமூன்று போன்கள் வந்து கிடந்தன. கண்ணாடி வெடித்தவை, றப்பர் பட்டி போட்டுக் கட்டியவை, கட்டாரிலிருந்து வந்து மூன்று கை மாறியவை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுக் கடதாசியில் பெயர். ஸுலைஹாவின் போனுக்கு ஒரு மூலை கறுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்து ஷிம்லா, “இதுதான் எனக்கு முக்கியமான போன் மாமி. இதுல ஓடினா எல்லாத்துலயும் ஓடும்” என்றாள். ஸுலைஹாவுக்கு அது பெருமையா சிறுமையா என்று விளங்கவில்லை.

முபாறக் கதிரையில் இருந்தபடி கேள்வி கேட்டான்.

“என்ட சொப்ட்வெயாருக்குக் காசு கட்டினாப் பேரை எடுப்பானாமே. பிறகு அதையே வச்சுக்கொள்ளலாம்தானே?”

“வச்சுக்கொள்ளலாம் சாச்சா. ஆனா அதுல ஒரு தரத்துக்கு ஒரு அளவுதான் வரும். எனக்கு ஒரு வீடியோ நாலு அளவுல வேணும்.”

“நாலு என்னத்துக்கு?”

“இந்தப் பாயில உள்ளதுக்குச் சின்னது. லண்டன்ல டீவில பார்க்கிற ஆளுக்குப் பெருசு. நடுவுல ரெண்டு. சைட் ஆளப் பார்த்து, அவன்ட லைன் இழுக்கிற அளவக் குடுக்கும்.”

“அப்ப அந்த வெளிநாட்டுக் கம்பனி? வீடியோவ அனுப்பினா அவனே வெட்டி நாலாக்கித் தருவானாமே.”

“அனுப்பிப் பார்த்தன். விடிய எட்டு மணிக்கு ஏத்தத் தொடங்கினது, பகல் கரண்ட் போய் அறுந்திட்டு. திரும்ப முதல்ல இருந்து. அதோட நம்மட கல்யாண வீட்டுப் படம் எல்லாம் எவன்டயோ மெசின்ல போய்க் கிடக்கும். உங்களுக்குச் சம்மதமா?”

ஷிம்லா தேர்ந்தெடுத்தது மூன்றாவது ஒரு மென்பொருளை. காசும் இல்லை, பொத்தானும் இல்லை; கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும். “ஒரு எழுத்துப் பிழைச்சாலும் கத்தும். பிழைக்காட்டி சொன்னத மட்டும் செய்யும்” என்றாள். அவளுக்கு அதில் ஒரு பிரியம் இருந்தது ஸுலைஹாவுக்குத் தெரிந்தது.

பிறகு எந்த வகையில் சுருக்குவது என்று பார்த்தாள். புது வகை ஒன்று இருந்தது. பாதி டேட்டாதான் போகும். அதைப் பாயில் உள்ள போன்களில் ஓட விட்டாள். ஒன்பதில் சத்தம் மட்டும் ஓடியது, படம் நின்றது. பழைய வகை இருபத்துமூன்றிலும் ஓடியது.

“புதுசு இருக்கக்குள்ள பழசு என்னத்துக்கு?” என்றான் முபாறக்.

“ஒம்பது பேருக்குப் படம் நிக்குது சாச்சா. அதுல ஒருவர் உங்கட ராத்தா.”

பாயைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஸுலைஹாவும் சிரித்தார். அந்தப் பிள்ளை மேல் அவருக்கு அன்றைக்கே ஒரு விருப்பம் விழுந்துவிட்டது.

எழுந்து போகும்போது ஷிம்லா ஒரு கட்டளையும் போட்டுவிட்டுப் போனாள். கல்யாண வீட்டு வீடியோ எதுவானாலும், சைட்டில் ஏறுவதற்கு முன்னால், அந்த வீட்டுப் பெண் ஒருவர் அதைப் பெரிய அளவில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்து, ஓம் என்று சொல்ல வேண்டும். பார்க்காமல் ஒன்றும் ஏறாது.

“நீதானே புள்ள பார்க்கிறாய். பிறகு நாங்க என்னத்துக்கு?”

“என்ட கண் ஆளப் பார்க்காது மாமி. துணி உடையுதா, நிறம் தேயுதா எண்டுதான் பார்க்கும். மாப்பிள்ள பின்னால ஆரு நிக்கிறா எண்டு கேட்டாச் சொல்லத் தெரியாது எனக்கு. அத வீட்டாக்கள்தான் பார்க்கணும்.”

ஒன்றரை வருஷம் அப்படியே நடந்தது. பதினாறு கல்யாணம், ஒரு குறையும் இல்லை. ஒரு வீட்டில் பெரிய அளவில் பார்த்துவிட்டுப் பந்தலின் ஓரத்தில் பால் கொடுத்துக்கொண்டிருந்த மருமகளை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். இன்னொரு வீட்டில் வாப்பாவின் வெற்றிலைக் கறையை எடுக்கச் சொன்னார்கள். அதை எடுக்க முடியாது என்றாள்.

பதினேழாவது ஸுலைஹாவின் மகள் ஃபாஹிமாவின் கல்யாணம். மாப்பிள்ளை அஹமட், புத்தளத்துப் பொடியன், நல்ல குணம். பெண் வீட்டில்தான் நிகாஹ். சீதனமாகக் கொடுக்கிற அலுமாரி, இரண்டு கதவிலும் ஆளுயரக் கண்ணாடி போட்டது, முதல் நாளே வந்து ஹோலில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் நுழைந்ததும் கண்ணில் படட்டும் என்று ஸுலைஹா அதை ஆண்கள் இருக்கும் பக்கத்தில், உள்ளறைத் திரைக்கு நேர் எதிரே வைக்கச் சொன்னார்.

ஷிம்லா காலையில் வந்து பார்த்தாள். ஆண்கள் பக்கம் படம் பிடிப்பது அவளுடைய நானா றஸீன்.

“மாமி, நிகாஹ் முடியும் வரைக்கும் இந்தக் கண்ணாடிக்கு ஒரு சீலயப் போடுவமா? கமராவுக்கு ஒளி அடிக்குது.”

“போ புள்ள. ஏழு மாசம் தச்சன்ட காலடியில கிடந்து செய்விச்ச அலுமாரி. சீலயப் போட்டு மூடுறதுக்கா?”

“மாப்பிள்ள வந்த பிறகு எடுக்கலாம்தானே.”

“வாற நேரம்தான் பார்க்கணும். நீ வெளிச்சத்தக் கொஞ்சம் குறை.”

ஷிம்லா வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் வீடியோ தயார். லெப்டொப்பில் பார்க்க வீட்டுக்கு வரும்படி ஷிம்லா வொய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். வர முடியாவிட்டால் தானே தூக்கிக்கொண்டு வருவதாகவும் சொன்னாள். வேறு கம்பியூட்டரில் பார்ப்பதென்றால் பார்க்கட்டும் என்று, வீட்டாருக்கு மட்டும் திறக்கும் ஒரு லிங்க்கும் அனுப்பியிருந்தாள். ஸுலைஹாவின் வீடு அப்போது இரவல் வாங்கிய தேக்சாப் பானைகளும் சஹன் தட்டுகளுமாகக் கிடந்தது. கால் வீங்கியிருந்தது. மாப்பிள்ளையின் மூத்த ராத்தா ஃபஸ்னா லண்டனிலிருந்து மூன்றாவது தடவையாகப் போன் எடுத்து, “மாமி, வீடியோ இன்னும் வரல்லயா? இங்க எல்லாரும் கேக்கிறாங்க” என்றார். ஷிம்லாவின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். ஆனாலும் அந்த வெயிலுக்குள் இறங்க ஸுலைஹாவுக்கு மனம் வரவில்லை. பிள்ளையை இங்கே வரச் சொன்னால் அவளுக்கு ஒரு தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும். கழுவிய கோப்பைகூட இல்லை.

தேக்சா தேய்க்கிறவளுக்கு ஒரு கண், போனுக்கு ஒரு கண் என்று அந்த லிங்க்கைத் தன்னுடைய போனிலேயே திறந்து பார்த்தார். சைட் அந்தப் போனைப் பார்த்துச் சின்ன அளவைக் கொடுத்தது. ஆட்கள் அரிசி அரிசியாக இருந்தார்கள். மாப்பிள்ளை கை கொடுப்பது விளங்கியது. அலுமாரி ஒரு மினுக்கமாகத் தெரிந்தது. அதைப் பார்த்து மனம் நிறைந்தது. பாதிக்கு மேல் விரலால் தள்ளித் தள்ளி முடித்தார்.

ஷிம்லாவின் வொய்ஸ் வந்தது. “மாமி, பெருசுலதானே பார்த்தீங்க?”

ஸுலைஹா போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார். “ஓம் மகள், பெருசுலதான். முழுசாப் பார்த்தன். நல்ல தெளிவு. போடு.”

அவ்வளவுதான் அவர் சொன்ன பொய். அதைச் சொல்லும்போது அவருக்குப் பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இருக்கவில்லை.

லண்டனில் ஃபஸ்னாவின் வீட்டில், சுவர் அளவு டீவியில், நாற்பது பேர் இருந்து பார்த்தார்கள். ஆணும் பெண்ணுமாக. நிகாஹ் ஓதுகிற இடத்தில், மௌலவியின் தோளுக்குப் பின்னால், அலுமாரிக் கண்ணாடியில் உள்ளறை தெரிந்தது. காற்றுக்குத் திரை ஒதுங்கியிருக்கிறது. உள்ளே ஃபாஹிமா தலையில் துணியில்லாமல், முடியை விரித்துவிட்டு, தோள் தெரிய நிற்கிறாள். யாரோ சட்டைக்கு ஊசி குத்துகிறார்கள். முக்கால் நிமிஷம். முகம், முடி, கழுத்து எல்லாம் ஒரு நுரை உடையாமல் அவ்வளவு துலக்கம். ஷிம்லாவின் வேலை அப்படி.

ஃபஸ்னா டீவியைப் படம் எடுத்து உம்மாவுக்கு அனுப்பினார். உம்மா ஸுலைஹாவுக்குப் போன் எடுத்தார். ஷிம்லா செய்தி கேட்ட ஐந்தாம் நிமிஷம் வீடியோவை இறக்கிவிட்டாள். அதற்குள் அறுநூறு பேருக்கு மேல் பார்த்தாயிற்று.

அன்று பின்னேரம் முபாறக் வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். “வீட்டுப் பொம்புள பார்க்காம ஏறாது எண்டு பெருங்கதை கதைச்சாளே. ஆரு பார்த்தது? நீங்களா ராத்தா?”

ஸுலைஹா வாயைத் திறந்தார். உள்ளே ஃபாஹிமா அழுகிற சத்தம் கேட்டது. கல்யாணம் முடிந்து ஆறு நாள். பெண்ணுடைய உம்மாவே சரி சொல்லித்தான் ஏறியது என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டில் மகளின் தலை எப்படி நிமிரும் என்று நினைத்தார்.

“எனக்கு எங்க நேரம்” என்றார்.

இது இரண்டாவது பொய். இதைச் சொல்லும்போது நன்றாகத் தெரிந்தே சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சனமே சொல்லிக்கொண்டது. குழாயடியில் ஒருத்தி, “முப்பது வயசாகப் போகுது, ஒரு சம்பந்தமும் சரிவரல்ல. மத்தவ கழுத்துல நகையப் பார்த்த எரிச்சல். வேணுமெண்டுதான் விட்டிருப்பா” என்றாள். வாளியைப் பிடித்தபடி ஸுலைஹா பக்கத்தில்தான் நின்றார். தலையை ஆட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாளி நிறைந்து வழிந்து காலை நனைக்கும் வரைக்கும் நின்றார்.

மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெண் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஸுலைஹாவின் ஹோலில். ஷிம்லா தன் உம்மாவோடு வந்தாள். சம்பந்தி அம்மா கதிரையில் இருந்தார். முபாறக் வாசல் கதவோடு நின்றான். போன்களுக்குப் பாய் விரித்த அதே ஹோலில் ஷிம்லாவை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

“என்ட கையாலதான் ஏறினது. நான் பார்த்திருக்கணும். பார்க்காம ஏத்தினது என்ட பிழை. உங்களுக்கும் ஃபாஹிமாவுக்கும் வந்த வெக்கத்துக்கு என்னைப் பொறுத்துக்கொள்ளுங்க.”

சொல்லி முடித்தபோது ஒரே ஒரு தடவை ஸுலைஹாவின் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு சாமானை வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது போல் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

ஸுலைஹா குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் ஊற்றி வந்தார். தன்னுடைய பொய்க்காக மன்னிப்புக் கேட்டு நிற்கிற பிள்ளைக்கு நேரே தட்டை நீட்டி, “குடி மகள்” என்றார். ஷிம்லா எடுத்துக் குடித்தாள். முழுதாகக் குடித்து, கோப்பையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, ஸலாம் சொல்லிப் போனாள்.

அந்தக் கோப்பையைக் கழுவும்போது ஸுலைஹாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. உலகத்தில் எத்தனையோ வெட்கத்தை அவர் பார்த்தவர். வந்த புதிதில் ஓலைக் கொட்டிலில் மறைப்பில்லாமல் குளித்த வெட்கம், நிவாரண வரிசையில் கை நீட்டிய வெட்கம். அதெல்லாம் மற்றவர் தந்த வெட்கம். ஊரோடு சேர்ந்து பட்டது. இது அவர் தானே செய்து தன்மேல் ஏற்றிக்கொண்டது. பங்கு போட ஆளில்லை.

ஜமாஅத் ஷிம்லாவை வேலையிலிருந்து நிறுத்தியது. கொஞ்ச நாளில் அவள் சிலாபத்துக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டார். முபாறக் திரும்ப வீடியோ போடத் தொடங்கினான். ஒரே அளவு, பெரிய அளவு. ஒழுங்கையில் உள்ள போன்களில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஃபாஹிமா இரண்டு நாள் நிற்க வந்தாள். உம்மாவின் போன் நிறைந்து வேலை செய்யாமல் கிடக்க, பழையதை எல்லாம் அழித்துத் தருவதாகச் சொல்லி முற்றத்தில் இருந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஸுலைஹா நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தன்னுடைய குரலைத் தானே கேட்டார்.

“ஓம் மகள், பெருசுலதான். முழுசாப் பார்த்தன். நல்ல தெளிவு. போடு.”

ஃபாஹிமா இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். பிறகு போனை மடியில் வைத்தாள்.

“உம்மா, இது ஷிம்லா ராத்தாட போன்லயும் இருக்கும்தானே.”

ஸுலைஹா இன்னொரு நெத்தலியை எடுத்துத் தலை கிள்ளினார்.

“அண்டைக்கு இங்க நிண்டு மன்னிப்புக் கேக்கக்குள்ளயும் அவட கையில போன் இருந்திச்சு. நான் திரைக்குப் பின்னால இருந்து பார்த்தன்.”

“ஓம்” என்றார் ஸுலைஹா. “இருந்திச்சு.”

“ஏன் உம்மா?”

“உனக்காக எண்டு நினைச்சன். இப்ப யோசிச்சா எனக்காகத்தான்.”

அன்றே இருவரும் புத்தளத்துக்கு பஸ் ஏறினார்கள். சம்பந்தி அம்மாவின் முன்னால் ஸுலைஹா அந்த வொய்ஸைத் தானே போட்டுக் காட்டினார். இரண்டு தரம் பிழையாக அமத்தினார்.

“படம் வெளிய போனது போகட்டும் மதினி. அது கைப்பிழை” என்றார் சம்பந்தி அம்மா. “அந்தப் புள்ளய எனக்கு முன்னால நிக்க வச்சு மன்னிப்பு வாங்கித் தந்தீங்களே. நானும் பெரிய ஆள் மாதிரி கால் மேல கால் போட்டு இருந்து வாங்கினன். அதுக்கு நான் இனி எங்க போய் மன்னிப்புக் கேக்கிற?”

ஸுலைஹா அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பினார்.

முபாறக்கிடம் சொன்னபோது அவன் கோபப்பட்டது வேறு காரணத்துக்கு. “அடங்கின விஷயத்த ஏன் ராத்தா கிளறுறீங்க? சனம் மறந்திட்டு.”

“சனம் படத்தத்தான் மறந்திச்சு. அந்தப் புள்ள வேணுமெண்டு செய்தா எண்டத மறக்கல்ல. வெள்ளிக்கிழம நீயே பள்ளிவாசல்ல சொல்லு, செக்ரட்டரிட ராத்தாதான் பொய் சொன்னா எண்டு.”

“எனக்கு ஏலாது.”

“ஏலாட்டி நான் குழாயடியில சொல்றன். அங்கதான் கெதியாப் பரவும்.”

சொல்லவும் செய்தார். தண்ணீருக்கு வந்த ஒன்பது பேருக்கு முன்னால், பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொன்னார். ஒருத்தியும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தத்தம் வாளியையே பார்த்தார்கள். ‘எரிச்சல்’ என்று அன்றைக்குச் சொன்னவள் குடத்தை அரைவாசியில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் சிலாபம். ஃபாஹிமா கூட வந்தாள். சந்தைக்குப் பின்னால் உள்ள தெருவில் சாள்ஸ் என்பவருடைய ஸ்டூடியோ; கண்ணாடிக் கதவு, உள்ளே கோவில் கல்யாணப் படங்கள். ஷிம்லா எழுந்து வந்து ஸலாம் சொல்லி இரண்டு கதிரையைத் துடைத்துப் போட்டாள். சாள்ஸ் இருவரையும் பார்த்துவிட்டு, “ஷிம்லா, நான் சாப்பிட்டுட்டு வாறன், நீ கதைச்சுக்கொண்டிரு” என்று வெளியே போய்விட்டார்.

ஸுலைஹா வழியெல்லாம் அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் வாய்க்கு வரவில்லை. “பொறுத்துக்க மகள்” என்றது மட்டும் வந்தது. “நான் பார்க்கல்ல. பார்த்தன் எண்டு சொன்னது பொய்.”

“தெரியும் மாமி.”

“படம் வெளிய வந்த பிறகு தெரிஞ்சிருக்கும்.”

“இல்ல. ஏத்த முந்தியே தெரியும்.” ஷிம்லா தன் விரலைப் பார்த்தபடி சொன்னாள். “எந்த அளவ எத்தின தரம் திறந்தாங்க எண்டு சைட்டுக்குப் பின்னால எனக்கு விழும். உங்கட வொய்ஸ் வந்த கையோட பார்த்தன். சின்னது ஒரு தரம் திறந்திருக்கு. பெருசு ஒருத்தரும் திறக்கல்ல.”

“பிறகு ஏன் மகள் போட்டாய்?”

“எப்படி மாமி கேக்கிற, நீங்க சொன்னது பொய் எண்டு? வாப்பாக்கு ராத்தா முறை நீங்க. போனக் கையில எடுத்தன், ரெண்டு தரம் வச்சன். வாய் வரல்ல. மரியாதயில்லாதவ எண்டு நினைப்பீங்க எண்டு பயம். அதான் உங்கட வீட்டுல வந்து சொன்னன், என்ட பிழை எண்டு. அது பொய்யில்ல.”

ஃபாஹிமா அழத் தொடங்கினாள். ஸுலைஹாவுக்கு அழுகைகூட வரவில்லை. அந்தப் பிள்ளை தன் கட்டளையைத் தானே மீறியது ஸுலைஹாவின் வயதுக்கும் முறைக்கும் கொடுத்த மரியாதையால்தான். தான் அந்த மரியாதையை வாங்கித் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது. தலைச்சீலையின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு சீலையை விலக்கி, “ஊருக்கு வா மகள்” என்றார். “எல்லாருக்கும் சொல்லிட்டன். முபாறக்கும் கூப்பிடுவான்.”

“கூப்பிட்டாரு. நான் வரல்ல மாமி.”

“என்னைப் பொறுக்கல்லயா?”

“உங்களப் பொறுத்தாச்சு. அது வேற. அங்க உள்ள ஆக்கள் எல்லாரும் எனக்கு மாமி, சாச்சி, பெரியும்மா. இனி ஒருத்தர் ‘பார்த்தன்’ எண்டா நான் நம்பமாட்டன். நம்பல்ல எண்டு சொல்லவும் எனக்கு வாய் வராது. அப்படி இருந்துகொண்டு அந்த வேலயச் செய்ய ஏலாது. இங்க உள்ள ஆக்கள் எனக்குச் சொந்தமில்ல. ‘நீங்க பார்க்கல்ல, இருந்து பாருங்க’ எண்டு முகத்துக்கு நேர சொல்றன். அவங்களும் இருந்து பார்க்கிறாங்க.”

போகும்போது அவள் பஸ் நிற்குமிடம் வரைக்கும் வந்தாள். ஃபாஹிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஸுலைஹா இரண்டடி பின்னால் வந்தார்.

ஷிம்லா இப்போது சிலாபத்தில் இருக்கிறாள். சாள்ஸின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெப்சைட்டுக்குத் தயார்படுத்துகிறாள். பக்கத்துத் தெருவில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். இரண்டு பெருநாளைக்கும் மட்டும் ஆலங்குடாவுக்கு வந்து போகிறாள்.